செத்தாள், செத்துக்கொண்டிருந்தாள்

எனக்கு எண்பத்தொரு வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அதில் நான் பெற்றது ஐந்து. மற்ற மூன்றும், இரண்டாவதாக நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் தாயில்லாமல் நின்றவை. எட்டில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க எனக்கு என்ன குறை?

படிப்பு எனக்குக் கிடையாது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை; அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் பிரெஞ்சு பாஷையில் நடந்து முடிந்த காரியத்தைச் சொல்ல இரண்டு வழி உண்டு என்பதும், எதற்கு எந்த வழி என்பதும் எனக்குத் தெரியும். துணி துவைத்துக்கொண்டே தெரிந்துகொண்டது. அந்த இரண்டில் ஒன்றை ஒருவர் மாற்றிப் போட்டதால் என் மூத்த மகள் எனக்கு இல்லை என்று ஆகப் பார்த்தது. அதை நான் திருப்பிப் போட்டு அவளைத் திரும்ப வாங்கினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழியும் இல்லை.

இந்த மலாய் நாட்டில் இருபத்தாறாம் வருஷத்துப் பெரிய வெள்ளம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். என் முதல் வீட்டுக்காரருக்குத் தண்டவாளம் பார்க்கும் வேலை. குளிர்காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார். எனக்கு இருபது வயது நிரம்பவில்லை. மகளுக்கு இரண்டரை. அவருக்குக் கருமாதி முடிந்த கையோடு அதே காய்ச்சல் என்னையும் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிள்ளையை என்ன செய்வது? அக்காவுக்கே நாலு பிள்ளைகள். அந்த வாரம்தான் அவர் வீட்டுக்காரருக்குக் கெமாஸ் பக்கம் மாற்றல் வந்திருந்தது. கிள்ளான் போகிற சாலையில், தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன மடம் அப்போது இருந்தது. பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள்; கன்னிமார் என்று சொல்வோம். அக்கா பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து என் காதோரம் குனிந்து சொன்னார்.

"ஒம்மவ கன்னிமாருங்க மடத்துல பத்தரமா இருக்கா. நீ பொழச்சு எந்திரிச்சு வா. போய்க் கூட்டிக்க."

நான் எழுந்து வர நாலு மாதம் ஆனது. தலையை மொட்டையடித்திருந்தார்கள். கை கால் விறகுக் குச்சி. ஆஸ்பத்திரியில் கொடுத்த சேலையைச் சுற்றிக்கொண்டு, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் ஒரு லோரியில் ஏறியும் மடத்து வாசலுக்குப் போய் நின்றேன்.

வாசலில் ஒரு ஜாகாக்காரர் இருந்தார். காவல்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம். தமிழர்தான். முன்பு சைகோனில் ஒரு செட்டியார் கடையில் சமையலுக்கு இருந்தவர். அங்கே கற்ற பிரெஞ்சை வைத்து, மடத்துக்கும் வெளியாருக்கும் நடுவில் அவர்தான் பேச்சைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, வேலைக்கா? இப்ப ஆள் எடுக்கல லா." பேச்சின் முடிவில் லா போடுவது இந்த ஊர் வழக்கம்.

"வேலைக்கு இல்லண்ணே. எம் புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன்." எந்த மாதம், எத்தனை வயது, யார் கொண்டுவந்து விட்டது எல்லாம் சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் புள்ளையோட ஆத்தாதான் செத்துப்போச்சே."

"நாந்தாண்ணே அந்த ஆத்தா."

"எது, செத்துப்போன ஆத்தாவா?"

"செத்துப் பொழச்சு வந்திருக்கேண்ணே."

நாம் எல்லோரும் சொல்வதுதானே? பெரிய வியாதியிலிருந்து எழுந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர் உள்ளே போய் அதை அப்படியே பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். ஒருத்தி வந்திருக்கிறாள், தான் செத்துவிட்டதாகவும் திரும்பி வந்துவிட்டதாகவும் சொல்கிறாள் என்று. வெளியே வந்த கன்னிமார் என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தார்கள். மடத்துக்கு வந்த பிள்ளைகளின் விவரமெல்லாம் அதில் இருந்தது. என் மகளுக்கு நேரே 'லா மேர் ஏ மோர்த்' என்று எழுதியிருந்தது. தாய் இறந்துவிட்டாள் என்று அர்த்தம். ஜாகாக்கார அண்ணன் கையை விரித்தார். "புத்தகத்துல ஏறிப்போச்சு தங்கச்சி. நான் என்ன செய்ய?"

அந்த நேரம் பிள்ளைகள் வரிசையாக வராந்தாவில் வந்தார்கள். என் மகளும் வந்தாள். சாம்பல் நிறக் கவுன், கத்தரித்த முடி. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்துப் பயந்து, மடத்துத் தலைவியின் அங்கிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு "மா மேர்" என்றாள். என் அம்மா என்று அர்த்தம். அந்தத் தலைவியை எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. தெரியாமல் போனதும் நல்லதற்குத்தான்.

அவர்கள் என்னை நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் ஒருத்தி இரண்டு சாட்சிகளோடு வந்து, அழுது, ஒரு பெண்ணைத் தன் பிள்ளை என்று கூட்டிப்போய் விற்றுவிட்டாளாம். அதிலிருந்து சாட்சியை நம்புவதில்லை என்று மா மேர் முடிவு செய்திருந்தார். அன்றைக்கு அந்த வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். இன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்காத வீட்டில்தான் என் மகள் இருந்திருக்கிறாள்.

நான் வாசலை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு கன்னிமார் வந்தார். துணி வெளுக்கிற கொட்டகை அவர் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மல்யுத்தக்காரன் கை மாதிரிக் கை. சந்தையில் பேசுகிற பாசார் மலாய் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துவைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சாப்பாடும், கொட்டகைக்குப் பின்னால் ஒரு படுக்கையும், கொஞ்சம் சம்பளமும். பிள்ளையின் பக்கம் போகக் கூடாது. தூரத்தில் நின்று பார்க்கலாம். சரி என்றேன். தூரத்தில் பார்ப்பது, பார்க்காமலே இருப்பதைவிடப் பெரிய சொத்து.

அவரை மா சேர் என்று கூப்பிட வேண்டும். என் சகோதரி என்று அர்த்தம். நாளாக ஆக அது உண்மையாகவே ஆகிவிட்டது.

முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தேன். என் பேச்சு அந்த ஜாகாக்கார அண்ணன் வாய்வழியாகப் போனால் போய்ச் சேருவதற்குள் வேறாகிவிடுகிறது. அப்போதிருந்த மா மேர் சைகோன் பக்கத்து அன்னாம் சீமையிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. மா சேர் எடுத்துச் சொன்னாலும் சாட்சி சொல்கிறார் என்று தள்ளிவிடுவார். ஆகவே என் கதையை அவருடைய பாஷையிலேயே, என் வாயாலேயே, நானே சொல்ல வேண்டும். கதை என்றால் எல்லாம் நடந்துபோனது. எனவே நடந்துபோனதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

மலாயில் இது ஒரு தொல்லையே இல்லை. முன்னால் 'சுடா' என்று ஒரு சொல் போட்டால் எல்லாம் முடிந்தது. சுடா மாக்கான், சாப்பிட்டாயிற்று. சுடா பெர்கி, போயாயிற்று. பிரெஞ்சிலும் அப்படி ஒரு சொல் இருக்கும், அதை மட்டும் பிடித்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் மா சேர், சாப்பிட்டாயா என்று கேட்டார். பிரெஞ்சிலேயே பதில் சொல்லி அவரை அசத்துவோம் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நாம் என்ன சொல்வோம்? 'சாப்பிட்டிருக்கேன்.' இருக்கேன் என்பதற்கு அவர்கள் சொல் 'ஜ சுயி'. சாப்பிட்டது 'மான்ஜே'. சேர்த்துச் சொன்னேன்.

"ஜ சுயி மான்ஜே, மா சேர்."

அவர் கையிலிருந்த போர்வை தொட்டியில் விழுந்தது. என் கையைத் தூக்கிப் பார்த்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார், "யார் தின்னது? புலியா?"

நான் சொன்னது, என்னைத் தின்றுவிட்டார்கள் என்று ஆகிவிட்டதாம். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் கஞ்சிப் பானை கொதித்துப் பொங்கி அடுப்பே அணைந்தது. நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் காலையில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது, "இன்னும் மிச்சம் இருக்கியா, இல்ல புலி தின்னுருச்சா?"

அவர்கள் அந்த இடத்தில் 'இருக்கேன்' போடுவதில்லை. 'வச்சிருக்கேன்' போடுகிறார்கள். 'ஜே மான்ஜே', சாப்பிட்டு வச்சிருக்கேன். முதலில் எனக்கு இது கோணலாகப் பட்டது. பிறகு யோசித்தால் நாமும்தான் சொல்கிறோம். துவைச்சு வச்சிருக்கேன், மடிச்சு வச்சிருக்கேன், கஞ்சி போட்டு வச்சிருக்கேன். கை செய்கிற வேலைக்கெல்லாம் வச்சிருக்கேன். அப்படியானால் 'இருக்கேன்' எதற்கு என்று மா சேரிடம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வருவது, போவது, ஏறுவது, இறங்குவது, உள்ளே நுழைவது, வெளியேறுவது, விழுவது, தங்குவது, பிறப்பது, சாவது. இதற்கெல்லாம் 'ஜ சுயி'.

"அப்ப கால் செய்யுற வேலைக்கு இருக்கேன், கை செய்யுற வேலைக்கு வச்சிருக்கேன், அதானே மா சேர்?" என்று மலாயில் கேட்டேன்.

திருப்பிக் கேட்டார், "பிறக்கிறதும் சாகிறதும் கால் வேலையா?"

"பின்னே? வர்றதும் போறதும்தானே?"

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய முடியாமல் அவர் கைவிரலில் அடி வாங்கினாராம். யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை என்றார். ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. நடந்தேன், ஓடினேன் என்பதற்கு அவர்கள் 'வச்சிருக்கேன்' என்கிறார்கள். நடப்பது கால் இல்லாமல் வேறு என்ன? அதைக் கேட்டால், "நான் உண்டாக்கின பாஷையா?" என்று சண்டைக்கு வருவார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடுத்தவர் துணியைத் துவைத்தால் வச்சிருக்கேன். அதே சொல்லை வைத்து நானே என்னைக் கழுவிக்கொண்டேன் என்றால் இருக்கேன். இது எனக்கு உடனே விளங்கியது. துணி கைக்கு வெளியே இருக்கிறது, நான் எனக்குள்ளே இருக்கிறேன்.

இவ்வளவும் ஒரு வழிதான். இன்னொரு வழி இருக்கிறது. அதைப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. 'ஜே லவே' என்றால் துவைத்தேன். 'ஜ லவே' என்றால் துவைத்துக்கொண்டிருந்தேன், தினமும் துவைப்பேன். நம் காதுக்கு இரண்டும் ஒன்றேதான். முன்னால் 'ஜே' வருகிறதா 'ஜ' வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் அந்த 'வே' கொஞ்சம் வாயைத் திறந்து வரும். நான் மாற்றி மாற்றிச் சொல்வேன். மா சேர் துவைப்புப் பலகையைத் தட்டுவார்.

ஒரு நாள் அவர் ஒரு போர்வையை எடுத்துப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு "ஜே லவே" என்றார். பிறகு வெறும் தண்ணீருக்குள் கையை விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் எங்கேயோ போய்விட்டது. அவர் ஊரில் அவருடைய அம்மா ஆற்றங்கரையில் ஊர்த்துணி துவைத்துத்தான் இவரை வளர்த்தாராம். "மா மேர் லவே" என்றார் மெதுவாக. எங்க அம்மா துவைப்பாங்க. எத்தனை நாள், எப்போது முடிந்தது என்ற பேச்சே அதில் இல்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். கொடியில் காய்வது ஒரு வகை. இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருப்பது இன்னொரு வகை.

பிடித்தும் தப்புச் செய்தேன். மகளைப் பற்றி அவருக்குச் சொல்லப்போய், 'தூங்குவாள்' என்பதை 'எல் தோர்மிரா' என்றேன். "எப்போது, நாளைக்கா?" என்றார். "இல்லை, அப்போது" என்றேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாம் பழைய பழக்கத்தைச் சொல்லும்போது, இனிமேல் நடக்கப்போவது போலத்தானே சொல்வோம்? அப்பல்லாம் சீக்கிரம் தூங்குவா, அப்பல்லாம் நல்லாச் சாப்பிடுவா. அவர்களிடம் அது செல்லாது. அது 'எல் தோர்மே' என்று வர வேண்டும். ஜாகாக்கார அண்ணன் வழியாகச் சொல்லியிருந்தால் மா மேர் காதில் எல்லாம் நாளைய சமாசாரமாக விழுந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது செமினிப் பக்கத்திலிருந்து ஒரு கிராணியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். வேதக்காரர்கள். பிள்ளை கிடையாது. ஒரு பெண்ணை எடுத்து வளர்க்க மனு கொடுத்திருந்தார்கள். பிஸ்கட் டின்னோடு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகையிலிருந்து பார்த்தேன். அந்த அம்மாள் மடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மா சேர் கஞ்சி காய்ச்சிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர்கள் கேட்பது உன் மகளைத்தான். ஈஸ்டர் கழிந்ததும் கூட்டிப்போவார்கள். மூன்று வாரம் இருக்கிறது.

அந்த அம்மாள் நல்லவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். நல்லவராக இருந்ததால் அழக்கூட வழியில்லை.

மறுநாள் மா சேர் அந்தப் புத்தகத்தைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 'தாய் இறந்துவிட்டாள்' என்று யார் சொல்லி எழுதினார்கள் என்று கேட்டார். யார் சொல்லியிருப்பார்கள்? இருவருமாக வாசலுக்குப் போனோம்.

"அண்ணே, அன்னிக்குப் புள்ளையக் கொண்டாந்து விட்ட அக்கா என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் யாருக்கு லா ஞாபகம்?"

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கண்ணே. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

தலையைச் சொறிந்தார். "'இதோட ஆத்தா ஆஸ்பத்திரில செத்துக்கிட்டுக் கெடக்கா'ன்னுச்சு அந்தம்மா. நான் உள்ள போயி 'லா மேர் ஏ மோர்த்'ன்னேன்."

"செத்துக்கிட்டுக் கெடக்காவும் செத்துட்டாவும் ஒண்ணாண்ணே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி, நான் சைகோன் பாசார்ல மீனு காய்கறி வாங்கப் படிச்ச பிரெஞ்சு இது. மீனு செத்துருச்சா இல்லையான்னு கேப்பேன். செத்துக்கிட்டிருக்கான்னு எவன் மீனப் போயிக் கேப்பான்?"

நான் அழ வேண்டியவள். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டு, உடனே முகம் சுண்டிப்போய், "அதுக்கு என்னதான் சொல்லணுமாம்?" என்று மா சேரைப் பார்த்தார்.

நான் மலாயில் விளக்கிக் கேட்டேன். "மூரே," என்றார் மா சேர். "லா மேர் மூரே."

தாய் செத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். மூன்று வாரமும் அதுதான் என் ஜபம். மூரே, மூரே என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கழுத்தைத் தேய்ப்பேன். கூட வேலை செய்த சீனத்தி ஒருத்தி எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று தொட்டியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் மா மேர் என்னைக் கூப்பிட்டார். மா சேர்தான் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தது. அவர் கதவோரம் நிற்கலாம், ஆனால் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. மேசைக்கு அந்தப் பக்கம் மா மேர். வயதானவர், குளிர்ந்த கண். சொல் என்றார்.

கொடியில் காய்கிற சொற்களை முதலில் சொன்னேன். என் புருஷன் இறந்தார். நான் நோயில் விழுந்தேன். அவர்களும் 'விழுந்தேன்' என்றுதான் சொல்கிறார்கள், 'ஜ சுயி தொம்பே' என்று. ஆஸ்பத்திரியில் தங்கினேன். திரும்பி வந்தேன். எல்லாவற்றுக்கும் 'இருக்கேன்' சரியாகவே விழுந்தது. கதவோரம் மா சேர் மூச்சு விடுவது கேட்டது.

மா மேர் முகம் அசையவில்லை. நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி சொன்னார். "முன்பு ஒருத்தியும் இப்படித்தான் சொன்னாள். நடந்ததை யாரிடமாவது கேட்டுக்கொண்டு வந்தும் சொல்லலாம். புத்தகத்தில் தாய் இறந்துவிட்டாள் என்று இருக்கிறது."

"இல்லை, மா மேர். இறக்கவில்லை. லா மேர் மூரே." தாய் செத்துக்கொண்டிருந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு நான் தண்ணீருக்குள் இருக்கிற சொற்களுக்குப் போனேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. விடியற்காலையில் அவள் என் வயிற்றின் மேல் ஏறிப் படுப்பாள். கஞ்சியைத் தானே ஊதிக் குடிப்பாள், எச்சில் தெறிக்க. ரயில் கூவினால் அப்பா என்பாள், எந்த ரயிலானாலும். தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொள்வாள். 'எல் தெனே மொன் ஒரேய்.' இடது காதுத் தொங்கலை இரண்டு விரலால் திருகிக்கொண்டே இருப்பாள். விரல் நின்றால் தூங்கிவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மா மேர் கை தானாக எழுந்து தன் முக்காட்டின் ஓரத்துக்குப் போனது. இடது பக்கம். அங்கேயே நின்றது.

கன்னிமார்களின் முக்காடு உங்களுக்குத் தெரியும். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கும். காது வெளியே தெரியாது. என் மகள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தூங்கவைக்கிற கன்னிமார் யாராக இருந்தாலும் முக்காட்டுக்குள் விரலை விட்டு நோண்டுவாளாம். ஊசி கழன்று விழுமாம். எத்தனை தடவை கையில் தட்டியும் விடவில்லையாம். கெட்ட பழக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். எதைத் தேடினாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த முக்காடுகளை அத்தனை மாதமும் துவைத்து இஸ்திரி போட்டவள் நான். இடது ஓரம் மட்டும் கசங்கி அழுக்கேறி வரும். யார் விரல் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மா மேர் மா சேரைப் பார்த்து ஏதோ கேட்டார். வேகமாகக் கேட்டதால் எனக்குப் புரியவில்லை. மா சேர் "நோன், மா மேர்" என்றார். அந்த முக்காட்டுச் சமாசாரத்தை நீ இவளிடம் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார். மா சேருக்கே அது தெரியாது. கொட்டகைக்காரருக்குப் பிள்ளைகள் படுக்கும் அறையில் வேலை கிடையாது.

அப்போதும் மா மேர் பிள்ளையை எடுத்து நீட்டிவிடவில்லை. செமினிக்காரர்களுக்குப் பொறுத்திருக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் என்னை வந்து உட்காரச் சொன்னார். முதல் நாள் அவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் என் தலையில் முளைத்திருந்த முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். மூன்றாம் நாள் மழை. பக்கத்தில் படுத்தாள். பாதித் தூக்கத்தில் ஒரு கை வந்து என் கன்னத்தில் ஊர்ந்து, காதைக் கண்டுபிடித்தது. நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது, அப்போதும் அசையவில்லை. வாசற்படியில் மா மேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, 'ஏ மோர்த்' என்பதைக் கோடு போட்டு அடித்து, அதன் மேலே 'மூரே' என்று தன் கையாலேயே எழுதினார். நான் கைநாட்டு வைத்தேன்; அப்போது கையெழுத்துப் போடத் தெரியாது. மடத்தில் அவளுக்கு ஒரு புனிதையின் பேரை வைத்திருந்தார்கள். அதை நான் எடுத்துவிடவில்லை. நான் வைத்த பேரோடு அதுவும் இருக்கட்டும் என்று விட்டேன். அந்தப் பேரைச் சொல்லித்தானே அத்தனை மாதம் சோறு போட்டார்கள்?

ஜாகாக்கார அண்ணன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, "புள்ளைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரிந்ததை வைத்து உதவி செய்தவர். செமினி அம்மாள் வேறொரு பெண்ணை எடுத்து வளர்த்தார். அந்தப் பெண் பிற்பாடு டீச்சராகி, என் கடைசி மகளுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாள் ஒரு தடவை என்னைப் பார்க்க வந்து, "ஒங்க மகதான் மொதல்ல எம் மடியில உக்காந்தா" என்றார். தெரியுங்க, பார்த்தேன் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கொட்டகையில் இன்னும் நாலு வருஷம் வேலை செய்தேன். மகள் அங்கேயே படித்தாள். பிறகு எனக்கு இரண்டாம் கல்யாணம் ஆகிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன். மா சேரை அன்னாம் சீமைக்கு மாற்றினார்கள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, புலி வந்தால் என் பேரைச் சொல் என்றார். கடிதம் எழுத எனக்குத் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஜப்பான்காரன் சண்டை வந்தது. பிறகு ஒரு தகவலும் இல்லை. இருந்தால் அவருக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஆகும்.

போய்விட்டாரா, இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை முடித்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதனால் அவரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன்: பெரிய கை, ஒரே முறுக்கில் போர்வையைப் பிழிவார். தப்பாகச் சொன்னால் பலகையைத் தட்டுவார். நிறையச் சிரிப்பார்.

போதும்டி ஆத்தா, பேனாவை வை. இப்ப மொதல்லேர்ந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. அவசரப்படாம, ஒவ்வொரு வார்த்தையா வாசி. அந்த அக்கா சொன்ன எடத்துல நீ 'செத்துக்கிட்டுக் கெடக்கா'ன்னு போட்டிருக்கியா, வேற என்னமும் போட்டிருக்கியான்னு நான் காதால கேக்கணும்.